கல்லாவுக்கும் கவுன்ட்டருக்கும் எத்தனை தூரம்?



ஆடி பிறந்துவிட்டால் எங்கள் சங்கரன்கோவில் ஜே ஜே என்று ஆகிவிடும். ஒரு பக்கம் கோமதி அம்மனின் தபசு பார்க்க வரும் கூட்டம். இன்னொரு பக்கம் ஆடித் தள்ளுபடிக்கு வரும் கூட்டம். அம்மனைக் கும்பிட்ட கையோடு நாமும் ஜவுளிக் கடைக்குள் நுழைந்துவிடுகிறோம். "வாங்கக்கா, என்ன பாக்கீங்க?" என்று ஒரு பெண் சிரித்த முகமாக நிற்கிறாள். நாற்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்லி, ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். மீதி முப்பத்தொன்பதையும் மடித்து அடுக்குவது அவள் பாடு.

இந்த இதழில் அந்தப் பெண்ணின் சம்பளத்தைப் பற்றியும், பெரிய பெரிய கடைகளின் உச்சியில் உட்கார்ந்திருக்கிற நிர்வாகிகளின் சம்பளத்தைப் பற்றியும் பேசலாம் என்று இருக்கிறேன். "இதென்ன, குழந்தை வளர்ப்பும் குழம்புப் பொடியும் வருகிற பக்கத்தில் கம்பெனிக் கணக்கு?" என்று முகம் சுளிக்காதீர்கள். இது நம் வீட்டுக் கணக்குதான். எப்படி என்று சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு பெண்ணாவது சென்னைக்கோ, மதுரைக்கோ, திருநெல்வேலிக்கோ கடை வேலைக்குப் போயிருப்பாள். சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும்போது, பையும் கண்ணீருமாக வழியனுப்ப வந்த தாய்மார்களை ஸ்டேஷனில் பார்க்கலாம். 2010-ல் வசந்தபாலன் எடுத்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்து ஊர் உலகமெல்லாம் அழுதது. எங்களுக்கு அது படம் இல்லை, பக்கத்து வீடு.

போன மாதம் அடுத்த வீட்டு அம்மாள் வந்தார். மகளுக்குக் கடை வேலை கிடைத்திருக்கிறதாம். "சோறும் தங்க எடமும் அவுகளே தாராகளாம் மதினி. போக, கையில மாசம் பத்தாயிரம்." சந்தோஷமாகத்தான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "எம் மவன் பேப்பர்ல படிச்சுச் சொன்னான். பெரிய பெரிய கடைக் கம்பெனியில மேல இருக்கவகளுக்குக் கோடிக் கணக்குல சம்பளமாம். வருசா வருசம் ஏத்திக்கிடுதாகளாம். எல்லாரும் வேல பாக்கது ஒரே கடையிலதானே மதினி? நடுவில என்ன கணக்கு?"

படித்தவர்கள் கேட்கத் தயங்குகிற கேள்வியை அவர் போகிற போக்கில் கேட்டுவிட்டார். "அது அவரவர் தலையெழுத்து" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் இது தலையெழுத்து இல்லை. மனிதர்கள் உட்கார்ந்து, பேசி, எழுதி, கையெழுத்துப் போடுகிற கணக்கு.

எத்தனை மடங்கு?

முதலில் அரசாங்கத்தை எடுத்துக்கொள்வோம். 2016 முதல் நடைமுறைக்கு வந்த 7-வது ஊதியக் குழு, மத்திய அரசில் கடைநிலை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 18,000 ரூபாய் என்று வைத்தது. எல்லோருக்கும் மேலே இருக்கும் அமைச்சரவைச் செயலாளருக்கு 2,50,000 ரூபாய். அதாவது மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரைப் போல் சுமார் 14 மடங்கு. பொறுப்பு அதிகம், படிப்பு அதிகம், சம்பளமும் அதிகம். நியாயம்தானே என்று தோன்றுகிறது இல்லையா?

இனி கடைக்கு வருவோம். உலகத்திலேயே பெரிய சில்லறைக் கடைக் கம்பெனி அமெரிக்காவின் வால்மார்ட். 2024 ஜனவரியோடு முடிந்த ஆண்டில் அதன் தலைமை நிர்வாகிக்குக் கிடைத்தது சுமார் 2 கோடியே 70 லட்சம் டாலர். அந்தக் கம்பெனியின் நடு ஊழியர் வாங்கியதைப் போல் இது 976 மடங்கு.

'நடு ஊழியர்' என்றால் யார் என்று கேட்பீர்கள். கம்பெனி ஆட்கள் எல்லோரையும் சம்பளப்படி, குறைந்தவர் முதல் கூடியவர் வரை வரிசையாக நிறுத்திவையுங்கள். சரியாக நடுவில் யார் நிற்கிறாரோ அவர்தான். பள்ளிக்கூடத்தில் உயரப்படி நிற்க வைத்து நடுப்பிள்ளையைத் தொட்டுக் காட்டுவது மாதிரி. 14 எங்கே, 976 எங்கே! அந்த நடு ஊழியர் வருஷம் தவறாமல் உழைத்தாலும், ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்தில் சம்பாதிப்பதை நிர்வாகி இரண்டே வருஷத்தில் சம்பாதித்துவிடுகிறார்.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை. அமெரிக்கப் பெரிய கம்பெனிகளில் 1965-ல் தலைமை நிர்வாகிக்கும் சாதாரணத் தொழிலாளிக்கும் இருந்த வித்தியாசம் சுமார் 20 மடங்குதான். 2023-ல் அது 290 மடங்கு என்று அங்குள்ள பொருளாதாரக் கொள்கை நிறுவனம் கணக்குப் போட்டிருக்கிறது. மனிதனுடைய மூளை இந்த ஐம்பது, அறுபது வருஷத்தில் பதினைந்து மடங்கா வளர்ந்துவிட்டது?

நம் நாட்டிலும் இந்த மடங்கைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 197-வது பிரிவுப்படி, பங்குச் சந்தையில் இருக்கும் ஒவ்வொரு கம்பெனியும் தன் இயக்குநர்கள் வாங்குவது நடு ஊழியரைப் போல் எத்தனை மடங்கு, இந்த வருஷம் இயக்குநருக்கு எவ்வளவு ஏறிற்று, நடு ஊழியருக்கு எவ்வளவு ஏறிற்று என்பதை வெளியிட வேண்டும். டிமார்ட், டாடாவின் ட்ரென்ட் போன்ற கடைக் கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் நம் ஊர்களில் இருக்கும் பெரிய ஜவுளிக் கடைகள், நகைக் கடைகள் பெரும்பாலும் குடும்பத்துக்குச் சொந்தமானவை. அங்கே இந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது. கல்லாவில் எவ்வளவு, கவுன்ட்டரில் எவ்வளவு என்பது நாலு சுவருக்குள் இருக்கும் ரகசியம்.

நூறு இட்லிக் கணக்கு

இந்த மடங்கு எல்லாம் சேர்ந்து நாட்டில் என்ன செய்கிறது? உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் என்ற அமைப்பின் பொருளாதார அறிஞர்கள் 2024 மார்ச்சில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதைச் சதவீதத்தில் சொன்னால் மண்டையில் ஏறாது. இட்லியில் சொல்கிறேன்.

வீட்டில் நூறு பேர், நூறு இட்லி அவித்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1980-களின் தொடக்கத்தில் பந்தியில் முதலில் உட்கார்ந்த ஒருவர் 6 இட்லி எடுத்துக்கொண்டார். மீதி 94 இட்லியை 99 பேர் பகிர்ந்துகொண்டார்கள். 2022-23-ல் அதே ஒருவர் 22 இட்லிக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். 99 பேருக்கு மிஞ்சியது 77 சொச்சம். இது வருமானக் கணக்கு. வீடு, நிலம், பங்கு என்று சொத்துக் கணக்குப் பார்த்தால், அந்த ஒருவருடைய இலையில் 40 இட்லி.

பந்தி பரிமாறுகிறவர்கள் நாம். கடைசி ஆளுக்கு இட்லி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் ஆளுக்கு மறுசோறு கேட்போம். நாட்டுப் பந்தியில் அந்த வழக்கம் எப்போது போயிற்று?

சம்பளமே வேண்டாம் என்கிறவர்

ஒரு சூட்சுமத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவிலேயே பெரிய சில்லறை வியாபாரம் ரிலையன்ஸ் ரீடெயில். அதன் தாய்க் கம்பெனியின் தலைவர் முகேஷ் அம்பானி 2008-09 முதல் தன் சம்பளம் வருஷத்துக்கு 15 கோடி ரூபாயைத் தாண்டாமல் வைத்திருந்தார். கொரோனா வந்த 2020-21 முதல் சம்பளமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பெனியின் பங்குகளை வைத்திருக்கிற குடும்பத்துக்கு வருஷா வருஷம் லாபப் பங்கு வருகிறது. பங்கின் விலை ஏறினால் சொத்தும் ஏறுகிறது. சம்பளச் சீட்டு என்பது வீட்டின் வாசல் மாதிரி. உள்ளே எத்தனை அறை இருக்கிறது என்று வாசலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கவுன்ட்டரில் நிற்கிற பெண்ணுக்கோ வாசலும் அதுதான், அறையும் அதுதான். சம்பளம் தவிர வேறு வரவு அவளுக்கு ஏது?

யார் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்?

எங்கள் ஊரில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. தறிக்காரருக்குக் கூலி ஏற வேண்டுமென்றால் முதலாளிமாரிடம் பேச வேண்டும், தாசில்தார் முன்னிலையிலோ தொழிலாளர் துறை முன்னிலையிலோ உட்கார வேண்டும், ஒத்துவராவிட்டால் தறியை நிறுத்த வேண்டும். தறி நின்ற நாளில் அடுப்பும் பாதிதான் எரியும். அத்தனை பாடு பட்டால்தான் நாலு காசு ஏறும்.

பெரிய கம்பெனி நிர்வாகிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இயக்குநர்களில் சிலர் சேர்ந்த ஒரு குழு உட்கார்ந்து, 'மற்றக் கம்பெனியில் எவ்வளவு கொடுக்கிறார்கள்?' என்று பார்த்து ஒரு தொகையைச் சிபாரிசு செய்யும். எல்லாக் கம்பெனியும் பக்கத்துக் கம்பெனியைப் பார்த்து ஏற்றினால் எங்கே போய் நிற்கும்? கல்யாண வீட்டில் மொய் ஏறுகிற மாதிரிதான். சட்டத்தில் ஒரு வேலி இருக்கிறது. நிர்வாகிகளுக்கு மொத்தமாக லாபத்தில் 11 சதவீதத்துக்கு மேலும், ஒரே ஒரு நிர்வாக இயக்குநர் இருந்தால் 5 சதவீதத்துக்கு மேலும் போகக் கூடாது. போக வேண்டுமானால் பங்குதாரர்களின் விசேஷத் தீர்மானம் வேண்டும். கவனியுங்கள், இந்த வேலி லாபத்தோடு கட்டப்பட்டது. கீழே நிற்பவளின் சம்பளத்தோடு கட்டப்பட்டது அல்ல.

பங்குதாரர்கள் எப்போதும் தலையாட்டிப் பொம்மைகள் இல்லை. 2021 ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் ஐஷர் மோட்டார்ஸ் கம்பெனியில், நிர்வாக இயக்குநரை மறுபடி நியமித்துச் சம்பளத்தையும் ஏற்றுகிற தீர்மானம் தோற்றுப் போயிற்று. பிறகு உச்சவரம்பைக் குறைத்துக்கொண்டு மறுபடி ஓட்டுக்கு வந்தார்கள். வேண்டாம் என்று சொன்னவர்களில் முக்கியமானவர்கள் பெரிய முதலீட்டு நிறுவனங்கள்.

இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? உங்களில் எத்தனையோ பேர் மாதம் 500, 1,000 என்று மியூச்சுவல் ஃபண்டில் சீட்டு மாதிரிக் கட்டுகிறீர்கள். அந்தப் பணத்தைத்தான் ஃபண்டுக்காரர்கள் பங்காக வாங்குகிறார்கள். 2022 ஏப்ரல் முதல் எல்லாத் தீர்மானத்திலும் அவர்கள் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும், எப்படிப் போட்டார்கள் என்று வெளியிடவும் வேண்டும் என்பது செபியின் விதி. உங்கள் அஞ்சறைப் பெட்டிக் காசுக்கும் அங்கே ஒரு குரல் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள்.

பிரித்துக் கொடுத்தால் தீருமா?

நியாயமாக எதிர்ப்பக்கமும் பேச வேண்டும். வால்மார்ட்டில் வேலை பார்ப்பவர்கள் சுமார் 21 லட்சம் பேர். தலைமை நிர்வாகியின் மொத்தச் சம்பளத்தையும் பிரித்துக் கொடுத்தாலும் ஆளுக்கு வருஷத்துக்கு 13 டாலர்கூடத் தேறாது. ஆக, அவருடைய சம்பளத்தைக் குறைத்தால் மட்டும் கீழே இருப்பவள் வீட்டில் விளக்கு எரிந்துவிடாது.

அப்படியென்றால் எது எரிய வைக்கும்? அடிச் சம்பளம் ஏற வேண்டும். அதே வால்மார்ட் 2015 பிப்ரவரியில், தொழிலாளர்கள் வருஷக் கணக்காகப் போராடிய பிறகு, கடை ஊழியர்களின் அடிக் கூலியை மணிக்கு 9 டாலராகவும், 2016-ல் 10 டாலராகவும் ஏற்றியது. சுமார் 5 லட்சம் பேருக்குப் பலன். செலவு சுமார் 100 கோடி டாலர். "கடை திவாலாகிவிடும்" என்றார்கள். ஆகவில்லை. கடைகள் சுத்தமாயின, வாடிக்கையாளரின் முணுமுணுப்பும் குறைந்தது. வயிறு நிறைந்த பெண் பிரித்துப் போடும் சேலைக்கும், கால் கடுக்க நிற்பவள் பிரித்துப் போடும் சேலைக்கும் வித்தியாசம் நமக்குத் தெரியாதா?

மடங்கைக் கேட்பது பொறாமையால் அல்ல. மேலே 976 என்று எழுதுகிற பேனாதான் கீழே எவ்வளவு என்றும் எழுதுகிறது. ஒன்றைக் கேட்டால்தான் மற்றதையும் யோசிப்பார்கள். இங்கிலாந்தில் ஜான் லூயிஸ் என்ற பெரிய கடைக்கு அதில் வேலை செய்பவர்கள்தான் உரிமையாளர்கள். மேலே இருப்பவரின் சம்பளம் கடை ஊழியரின் சராசரியைப் போல் 75 மடங்கைத் தாண்டக் கூடாது என்று தங்கள் சாசனத்திலேயே எழுதி வைத்தார்கள். 75-உம் அதிகம்தான். ஆனாலும் ஒரு கோடு போட முடியும் என்று தெரிகிறதல்லவா?

ஒரு நாற்காலி

பணத்தில் மட்டுமா தூரம்? கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்திருக்கிறார். கவுன்ட்டரில் இருப்பவள் நிற்கிறாள். பத்து மணி நேரம் நின்றால் என்ன ஆகும்? கால் நரம்பு சுருட்டிக்கொள்ளும். இடுப்பு வலிக்கும், பாதம் வீங்கும். 'பாத்ரூம் போக விட மாட்டார்கள்' என்று தண்ணீர் குடிக்காமலேயே இருந்து, நீர்க் கடுப்பும் தொற்றும் வரும். மாதவிலக்கு நாளில் கேட்கவே வேண்டாம்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் இதற்காகத்தான் எழுந்தார்கள். கழிப்பறை கேட்டுத் தொடங்கியது, உட்காரும் உரிமை கேட்பதில் போய் நின்றது. முன்னால் நின்றவர் பி. விஜி என்கிற தையல்காரப் பெண்மணி. 2014 டிசம்பரில் திருச்சூரில் ஒரு பெரிய சேலைக் கடைப் பெண்கள் கடை வாசலிலேயே உட்கார்ந்து நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் வந்தது.

நம் தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் வந்துவிட்டது. நாற்காலி வந்துவிட்டதா? அடுத்த தடவை கடைக்குப் போகும்போது நீங்களே பாருங்கள். ஸ்டூல் இல்லாவிட்டால், பில் போடும் இடத்தில் நல்லவிதமாக ஒரு வார்த்தை கேளுங்கள். ஒருத்தி கேட்டால் புன்னகைப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் வாங்கிப் போடுவார்கள்.

மகளை அனுப்பும் முன்

அடுத்த வீட்டு அம்மாளுக்கு நான் எழுதிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. நியமனக் கடிதம் வாங்குங்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்படி இது எல்லா ஊழியருக்கும் கட்டாயம். 'வாய் வார்த்தை போதும்' என்றால் அந்த வாய் பிறகு மாறும்.

2. கடை ஊழியருக்கு அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது. அகவிலைப்படி ஏப்ரல் மாதத்தில் மாறும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் இந்த வருஷத்துத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

3. 'பிடித்தம் இல்லாமல் முழுசாகக் கையில் தருகிறோம்' என்றால் மயங்காதீர்கள். கணக்குக்கு எளிதாக அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைப்போம். ஈ.எஸ்.ஐ.க்கு அவளிடம் பிடிப்பது 75 ரூபாய், முதலாளி போடுவது 325. பி.எஃப். அவளிடம் 1,200, முதலாளி போடுவது 1,200. ஆக 1,275 குறைகிறது, ஆனால் முதலாளியிடமிருந்து 1,525 அவள் பேரில் சேர்கிறது. நாளைக்குக் கல்யாணமாகிப் பிள்ளைப்பேறு வந்தால், ஈ.எஸ்.ஐ. மூலம் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. இதைவிட நல்ல சீதனம் எது?

4. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி. தீபாவளி நேரத்திலும் இதே சட்டம்தான்.

5. ஹாஸ்டலை நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை, அவசரத்துக்கு எந்த வழியாக வெளியே வருவது என்று கேளுங்கள். சம்பளம் அவள் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும்.

இதெல்லாம் கேட்டால் வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். உண்மைதான். கேட்பவர் ஒருவராக இருந்தால் அந்தப் பயம் நியாயமே. அதனால் தெருவில் இரண்டு மூன்று தாய்மார்களாகச் சேர்ந்து போங்கள். அடுத்த வீட்டு அம்மாள் அப்படித்தான் போனார். கடிதமும் ஈ.எஸ்.ஐ. எண்ணும் கிடைத்தன. ஹாஸ்டல் மட்டும் திருப்தி இல்லை, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக, நம் வீட்டுப் படிக்கட்டுக்கும் இதே கேள்வி உண்டு. பாத்திரம் தேய்க்க வருகிறாளே, அவளுக்குக் கடைசியாக எப்போது கூட்டிக் கொடுத்தோம்? இடைப்பட்ட காலத்தில் நம் வீட்டு வரவு எவ்வளவு ஏறிற்று, அரிசி விலை எவ்வளவு ஏறிற்று? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரிய கம்பெனியைப் பார்த்துக் கேட்கிற 'எத்தனை மடங்கு?' என்ற கேள்வியை அந்தத் தாளைப் பார்த்தும் கேளுங்கள். விடை கூச்சமாக இருந்தால் இந்த மாதமே திருத்திவிடலாம். நம் வீட்டில் நாமே இயக்குநர் குழு, நாமே பங்குதாரர்.

உங்கள் ஊர்க் கடையில் நாற்காலி இருக்கிறதா, இல்லையா? ஒரு கார்டு போடுங்கள்.